கிழக்குக் கட்டின் குருட்டுச் சன்னல்

மில்லிசென்ட் உட்காரவில்லை. லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் மீனைப் புகைபோட்டு விற்பவள். அந்த வாடை உடையில் இருப்பது தெரிந்தே நாற்காலியைத் தொடாமல் நின்றாள்.

“என் தங்கச்சி ஐவியை ஏப்ரல்லேருந்து காணோம், சார். எவனோடயோ கனடாவுக்கு ஓடிட்டான்னு அவ புருஷன் சொல்றான். ஆனா மூக்குக்கண்ணாடியை மேசையிலேயே விட்டுட்டுப் போயிருக்கா. அது இல்லேன்னா எதிர்ல நிக்கிறது ஆளா தூணான்னு அவளுக்குத் தெரியாது. கப்பல் ஏறப் போறவ அதையா மறப்பா?”

துப்பறிவாளர் தர்லோ புகைக்குழாயைக் கீழே வைத்தார். “போலீஸ்ல சொன்னீங்களா?”

“அவன் பெரிய வீட்டு ஆளு. நான் மீன்காரி. யார் பேச்சு எடுபடும்?”

தர்லோவின் தோழி டாக்டர் வினிஃப்ரெட் அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டாள். சஃபோக் வட்டாரம் முழுவதும் பழைய கட்டடங்களைத் தேடி அலைவது அவளுக்குப் பொழுதுபோக்கு. அதையே சாக்காக வைத்து அன்று மாலையே இருவரும் ஐவியின் கணவன் கிரிஸ்பின் டாபனியின் மாளிகைக்குப் போனார்கள்.

கிரிஸ்பினுக்கு வீட்டைப் பற்றிப் பேசுவதென்றால் உயிர். ஓக் மரச்சட்டங்களுக்கு நடுவே கழி பின்னி மண் பூசிய நடுக்கூடத்தைக் காட்டினான். பிறகு அதன் முன்னால் நிறுத்திய செங்கல் முகப்புக்குக் கூட்டிப் போனான். அங்கே இரண்டு சன்னல்கள் அடைபட்டிருந்தன.

“சன்னலை எண்ணி வரி போட்ட காலம். வரிக்குப் பயந்து எங்க ஆளுங்க வெளிச்சத்தையே அடைச்சிட்டாங்க,” என்று சிரித்தான்.

கிழக்குக் கட்டு வேறு மாதிரி இருந்தது. கூரிய வளைவுகள், சிவப்பும் மஞ்சளுமாக அடுக்கிய பட்டைகள்.

“இது எங்க தாத்தா கட்டினது. ரயில் வந்தப்புறம் அவருக்குக் காசு கொட்டுச்சு. செங்கல்லைப் பாருங்க, எல்லாம் மெஷின்ல செஞ்சது. ரயில்லயே வந்து இறங்குச்சு.”

வினிஃப்ரெட் அண்ணாந்து பார்த்தாள். மாடியில் சின்னதாக ஒரு சன்னல் அடைக்கப்பட்டிருந்தது. “அது ஏன் குருடாயிருக்கு?”

“அதுவும் அந்த வரியாலதான். வாங்க, டீ ஆறிடும்.”

அந்தச் சன்னலை அடைத்திருந்த செங்கற்கள் மெலிந்து, ஓரம் தேய்ந்து, கோணல்மாணலாக இருந்ததைத் தர்லோ பார்த்தார். பிறகு உள்ளே போய் டீ குடித்தார்.

மறுநாள் காலை ஒரு சார்ஜென்ட்டையும் மில்லிசென்ட்டையும் அழைத்துக்கொண்டு இருவரும் திரும்பி வந்தார்கள். நடுக்கூடத்தில் எல்லோரும் நின்றார்கள்.

“முகப்புச் சன்னலுக்கு நீங்க சொன்ன காரணம் சரி, மிஸ்டர் டாபனி,” என்றார் தர்லோ. “ஆனா சன்னல் வரியை 1851-லயே எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ரயில் காசுலதான் உங்க தாத்தா கிழக்குக் கட்டையே கட்டினார். இல்லாத வரிக்கு யாரு சன்னலை அடைப்பா?”

“ஆனா அந்தச் செங்கல் பழசாச்சே?” என்றாள் வினிஃப்ரெட்.

“பழசுதான். சுவரை விடவே பழசு. அதான் இடிக்குது. தாத்தாகிட்ட ரயில்ல வந்த புதுச் செங்கல் குவிஞ்சு கிடந்துச்சு. அவர் எதுக்குத் தேஞ்ச செங்கல்லைத் தேடிப் போறார்? நேத்து திரும்பிப் போறப்போ பார்த்தேன், மிஸ்டர் டாபனி, உங்க தோட்டச் சுவர்ல ஒரு பக்கம் பிரிச்சுக் கிடக்கு. அதுவும் அதே செங்கல்தான். புது அடைப்பு பழசாத் தெரியணும்னு யாரோ அங்கேருந்து எடுத்திருக்காங்க.”

“எனக்கு ஞாபகம் பிசகியிருக்கும்,” என்றான் கிரிஸ்பின்.

“தெரியலைன்னு சொல்லியிருந்தா டீயைக் குடிச்சிட்டுப் போயிருப்பேன். எல்லார்கிட்டயும் சொல்ற பதில் அவசரத்துல வாயில வந்திடுச்சு. வெளியில சன்னல் இருக்கு. உள்ள அந்த அறைக்குக் கதவு எங்க?”

சார்ஜென்ட் மாடி நடையில் சுவரோடு அடித்திருந்த ஓக் பலகைகளைப் பெயர்த்தார். பின்னால் கதவு இருந்தது. கதவுக்குப் பின்னால், துணிகள் வைக்கும் இருட்டறையில், ஐவி பிணமாகக் கிடந்தாள்.

“சண்டையில தள்ளிவிட்டேன். தலையில அடிபட்டுச்சு,” என்று கிரிஸ்பின் படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்தான். “செத்துட்டான்னுதான் நெனச்சேன். பலகையடிக்கிற வரைக்கும் ஒரு சத்தமும் இல்ல.”

கதவின் உட்புறம் முழுக்க நகக்கீறல்கள். வினிஃப்ரெட் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். தர்லோவும் பார்த்தார்.

கீழே புல்வெளியில் மில்லிசென்ட் காத்திருந்தாள். அவளை மாடிக்கு விடவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், டாக்டரம்மா. சின்னதுலேருந்தே அவளுக்கு இருட்டுன்னா பயம். விளக்கை அணைச்சா என் கையைப் பிடிச்சுக்குவா. உள்ள வைக்கும்போது அவளுக்கு... உயிர் இருந்துச்சா?”

வழக்கு நடக்கும்போது எல்லாம் வெளியே வரும் என்பது வினிஃப்ரெட்டுக்குத் தெரியும்.

“இல்லம்மா. விழுந்தப்பவே போயிட்டா. இருட்டே அவளுக்குத் தெரியாது.”

மில்லிசென்ட் தர்லோவின் முகத்தைப் பார்த்தாள். நேற்றும் இன்றும் உண்மையைத் தவிர வேறு எதுவும் பேசாத மனிதர்.

“டாக்டர் சொல்றது சரிதான்,” என்றார் தர்லோ.