மழைச் சேமிப்பு

கோடை மழை விட்டதும் ஷர்மிளா தோட்டத்துக்கு வந்து, காதுக்குப் பின்னால் இருந்த பொத்தானை அழுத்தினாள். முருங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கனகாம்பரம் கழுவிவிட்டது மாதிரி நின்றது. மண்வாசனை குப்பென்று எழுந்தது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"முழுசாப் பிடிச்சிருச்சா?" என்று கேட்டார் கணவர் நந்தகோபால்.

"பிடிச்சிருச்சுங்க."

இருவரும் உள்ளே போய்ச் செய்தி பார்த்தார்கள்.

திண்டுக்கல்லில் சுவைக்குடுவை இல்லாத வீடே கிடையாது. சந்தோஷம் மனதில் எழும்போதே அதை உறிஞ்சி, உள்ளங்கையளவுக் குடுவையில் சேர்த்து வைக்கும் கருவி அது. வேண்டும்போது திறந்து, வேண்டியவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். ஒரே நிபந்தனை, காபியில் பிடித்ததைக் காபியோடுதான் திறக்க முடியும். மழையில் பிடித்ததற்கு மழை வேண்டும். கண்ணாடித் தட்டுகளை விருந்தாளிகளுக்காக அலமாரியில் பூட்டிவிட்டு, நசுங்கிய எவர்சில்வர் தட்டில் சாப்பிடுகிற ஜனங்களுக்கு இந்தக் கருவி பிடித்துப்போனதில் ஆச்சரியமென்ன? பிடிக்கிற நேரத்தில் மனம் மரத்துக் கிடக்கும். அதுவும் பழகிப்போயிற்று.

ஷர்மிளா வருஷக்கணக்காகச் சேர்த்ததெல்லாம் நிலவுச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் மகள் யாழிசைக்காக. அவளை இப்போது சனிக்கோள் நிலையத்துக்கு மாற்றியிருந்தார்கள். போனால் இந்த ஆயுளில் திரும்ப முடியாத தூரம். கிளம்புமுன் வீட்டில் ஒரே ஒரு பகல் கொடுத்தார்கள்.

அந்தப் பகலில் வெயில் கொளுத்தியது. ஷர்மிளா நிமிஷத்துக்கொரு தரம் வெளியே போய் அண்ணாந்து பார்த்தாள்.

"என்னம்மா, என் மூஞ்சியப் பாக்காம வானத்தையே பாத்துக்கிட்டு இருக்க?"

"மழை வரணும் பாப்பா. அம்புட்டும் உனக்காக எடுத்து வச்சிருக்கேன்."

"மழை கெடக்குது. உக்காரு, பேசிக்கிட்டு இருப்போம்."

"பேச்சு எங்க போயிருது? அப்புறம் பேசலாம்."

மாலையில், யாழிசையை அழைத்துப்போகும் வண்டி வர இன்னும் கொஞ்ச நேரமே இருக்கும்போது, மழை அடித்துப் பெய்து ஓய்ந்தது. ஷர்மிளாவுக்குக் கைகால் ஓடவில்லை. மூவரும் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நந்தகோபால் மூவர் காதிலும் குடுவையின் இழையை மாட்டி அதைத் திறந்தார்.

ஒரு நிமிஷம் சொர்க்கம்தான். யாழிசை குழந்தையைப் போலச் சிரித்தாள். எத்தனையோ வருஷம் கழித்து ஷர்மிளாவுக்கு மண் மணத்தது. கண் நிறைந்துவிட்டது.

அதன் பின்னாலேயே மற்றதும் வந்தது. ஷர்மிளா எந்த மழையையும் மழைக்காக மட்டும் பார்த்ததில்லை. "இவ இப்ப இங்க இருந்தா எப்பிடி இருக்கும்" என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தினாள். குடுவைக்கு அரிசி வேறு கல் வேறு என்று பிரிக்கத் தெரியாது. அத்தனை கோடையின் காத்திருப்பும் ஒன்றாக மேலே வந்தது.

ஷர்மிளா வாசலைப் பார்த்தாள். "இன்னும் காணோமேங்க."

"வந்துருவா. மழையில வண்டி மெதுவாத்தான வரும்," என்றார் நந்தகோபால்.

"யாரச் சொல்றீங்க? நான் இங்கதான இருக்கேன்!" யாழிசை அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஷர்மிளா அவளைக் கனிவாகப் பார்த்தாள். "அந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சுக்கம்மா. எம் பொண்ணு வந்து உக்காரணும்."

யாழிசைக்கு அழுகை முட்டியது. ஆனால் அவள் காதிலும் இழை இருந்தது. தான் யார் என்பது அவளுக்கு மறக்கவில்லை. இருந்தும் யாரோ வரவேண்டும் என்று நெஞ்சு கிடந்து தவித்தது. எழுந்தாள். துப்பட்டாவால் நாற்காலியைத் துடைத்து வைத்தாள். பிறகு அவளும் வாசலைப் பார்த்து நின்றாள்.

வண்டி வந்தது. மூன்று பேரும் சேற்றில் ஓடினார்கள். ஓட்டுநர் இல்லாத வண்டி. கதவு தானாகத் திறந்தது. ஷர்மிளா தலையை நுழைத்து இருக்கை இருக்கையாகப் பார்த்தாள்.

"வெறும் வண்டிய அனுப்பியிருக்காங்க," என்றாள். "எம் பிள்ளைய ஏத்திக்கவே இல்ல."

யாழிசை அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாதம்மா. நான் போய்க் கூட்டிக்கிட்டு வரேன்," என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

"உனக்குப் புண்ணியமாப் போகும் தாயி," என்றாள் ஷர்மிளா. "ஈரம் காயறதுக்குள்ள கூட்டிக்கிட்டு வந்துரு."