தீராத இரை

தம்பி சாப்பிட்டு வைத்த தட்டைக் கழுவும்போது சூர்யகலாவின் விரலில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டது. மத்தியானச் சோற்றுக்கு அவள் வைத்தது ரசமும் பருப்புத் துவையலும்தான். வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து மீன் என்று யாராவது வாயெடுத்தாலே அவளுக்குக் குமட்டும். அதனாலேயே அவள் புருஷன் அழகுராஜா கருவாட்டுப் பானையைக்கூட யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான். எட்டு மாதமாக மீன் வாடையே படாத வீட்டில், கட்டைவிரல் நகம் அளவுக்குச் செதில். உதறியும் போகவில்லை, வழுவழுவென்று இழை விட்டுக்கொண்டு அடுத்த விரலுக்குத் தாவியது. சீ என்று அதைக் கல்லில் தேய்த்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு பச்சை ஏலக்காயை நசுக்கி உள்ளங்கை முழுக்கத் தடவினாள். அப்போதும் அந்த வாடை போகவில்லை.

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்குள், காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டியிருந்த இரண்டு அறை வீடு அது. அழகுராஜாதான் அந்த ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவன். சிலமலையிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் வேலைக்கு வரும் ஆட்கள் மழைக்கு வரவில்லை. ஜீப்பில் லோடு ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கிய அழகுராஜா, திரும்பி வந்து அவளைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தான். வழியில் மண் சரிந்து ரோட்டை மூடிக்கிடக்கிறது, அள்ளி முடித்ததும் வெரசா வந்துவிடுகிறேன் என்று காலையில் போன் செய்தான். அதற்குப் பிறகு சிக்னலும் போனது, கரண்டும் போனது. சாயங்காலம்கூட ஆகவில்லை, அதற்குள் மூடுபனி வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டது. மரங்களிலிருந்து சொட்டும் தண்ணீர் தகரத்தில் விழும் சத்தமும், ஊறிப்போன சருகின் வாடையும், உள் அறையில் விட்டு விட்டு அதிரும் செல்போனின் உறுமலும் மட்டும்தான் வீட்டில் இருந்தன.

உள்ளே கட்டிலில் கிடந்தவன் பிரதீப், அவள் தம்பி. தோட்டத்து ஆட்களுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன். போன மாதம் வளைவில் ஜீப் கவிழ்ந்து, உயிர் தப்பி, காலில் மாவுக்கட்டோடு அக்காள் வீட்டில் வந்து விழுந்தான். பொழுதுபோக அவனுக்குப் போனில் ஒரு விளையாட்டு. யாருமில்லாத தீவில் ஒற்றை ஆளாய் மாட்டிக்கொண்டு சாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பசி என்று ஓரத்தில் ஒரு கோடு தேய்ந்துகொண்டே வரும்; மீன் பிடித்துத் தின்றால் ஏறும். ஆரம்பத்தில் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாம் காட்டினான். காட்டில் கம்பு வெட்டி, கொடி அறுத்து, இரண்டையும் சேர்த்தால் தூண்டில். ஈரக் கல்லைப் புரட்டினால் புழு, அதுதான் இரை. ஒரு மீனுக்கு ஒரு புழு. தண்ணீரில் மிதக்கும் தக்கை லேசாக ஆடும்போது இழுக்கக் கூடாது, மீன் அப்போது கொத்தித்தான் பார்க்கிறது. தக்கை முழுகி, போன் கையில் அதிரும்போதுதான் இழுக்க வேண்டும். விடாமல் இழுத்தால் கொடி சிவந்து அறுந்துபோகும். இழுத்து, கொஞ்சம் தளர விட்டு, மறுபடி இழுத்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். பச்சையாகத் தின்றால் வாந்தி வரும், சுட்டுத் தின்ன வேண்டும், போட்டு வைத்தால் அழுகிவிடும். அந்தப் பொம்மைப் புழு நெளிவதைப் பார்க்கவே அவளுக்கு உடம்பு கூசும். இருந்தாலும் வலியை மறந்து கிடக்கிறானே என்று விட்டுவிட்டாள்.

போன வாரம் போடியில் ஸ்கேன் எடுத்தபோது பிள்ளையின் கழுத்தில் கொடி ஒரு சுற்றுச் சுற்றியிருப்பதாகச் சொன்னார்கள். நிறையப் பிள்ளைகளுக்கு இருப்பதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா ஆறுதல் சொல்லி அனுப்பினார். அம்மாதான் போனில் அழுதாள். கொடி சுற்றிப் பிறக்கிற பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாதாம். ஏற்கனவே ஒரு கண்டத்தில் தப்பிக் கிடக்கிறவனுக்கு இதென்ன சோதனை என்று புலம்பினாள். வாயை மூடு என்று சூர்யகலா அம்மாவைச் சத்தம் போட்டாள். பிரதீப் சிரித்தான். சிரித்துவிட்டு நெடுநேரம் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்துதான் அவன் போனைக் கீழே வைக்காமல் மீன் பிடிக்க ஆரம்பித்தான். அவள் வயிற்றுக்குள் அந்தச் சுண்டி இழுப்பும் அன்றிலிருந்துதான்.

பிள்ளை உதைப்பது அவளுக்குத் தெரியும். உதை வெளியே முட்டும். இது அப்படியில்லை, உள்ளே ஒரு கயிறு கிடப்பது போலவும், அதன் நுனியை யாரோ பிடித்து வெடுக்கென்று சுண்டுவது போலவும் இருந்தது. அழகுராஜாவிடம் சொன்னால் சூட்டு வலி என்றான். வீட்டில் மீன் நாறுகிறது என்றதற்கு மசக்கை மூக்கு என்று கேலி செய்தான். எட்டாம் மாதத்தில் ஏது மசக்கை என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

இப்போது கழுவிய தட்டோடு நின்றிருந்தபோது உள்ளே போன் அதிர்ந்தது. வயிறு சுண்டியது. அதிர்வு நின்றதும் சுண்டுவதும் நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மறுபடியும் போன். மறுபடியும் வயிறு. அடுத்த தடவை தட்டு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து வட்டமடித்து அடங்கியது.

உள் அறைக் கதவைத் தள்ளியபோது நாற்றம் முகத்தில் அடித்தது. குளத்துச் சேறு, அழுகின மீன் குடல், மாவுக்கட்டுக்குள் ஊறிய வேர்வை. பிரதீப் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். போன் வெளிச்சத்தில் முகம் ஊறிப்போய் வெளுத்திருந்தது. எதையோ மென்றுகொண்டிருந்தான். வாய்க்குள் விரலை விட்டு மெல்லிய முள் ஒன்றை இழுத்துச் சுவரில் துடைத்தான். சுவரில் அதுபோல ஏற்கனவே நிறைய ஒட்டியிருந்தன.

அவளுக்கு ஒன்று உறைத்தது. நாலைந்து நாளாக அவன் கல்லைப் புரட்டிப் புழு எடுப்பதை அவள் பார்க்கவே இல்லை.

"புழு இல்லாம எப்பிடிடா பிடிக்கிற?"

"புழு எதுக்குக்கா. தீராத இரை ஒன்னு கெடச்சிருக்கு. எம்புட்டு மீனு கொத்துனாலும் தீர மாட்டேங்குது." 

பெருமையாகப் போனைத் திருப்பிக் காட்டினான்.

புழு இருக்க வேண்டிய கட்டத்தில் வேறொன்று இருந்தது. வெளிர் சிவப்பு. தோல் வழியே நரம்பு தெரிந்தது. தலை பெரியது. முழங்கால்களை நெஞ்சோடு மடக்கிச் சுருண்டிருந்தது. கழுத்தில் கொடி, ஒரு சுற்று.

"மொதல்ல இத்தனூண்டுதான் இருந்துச்சு. வளந்துக்கிட்டே வருதுக்கா," என்றான்.

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ரசமும் சோறும் புளித்துப்போய் வெளியே வந்தன. வாயைத் துடைத்துக்கொண்டு, அதை எடுத்துப் போடு, விளையாட்டை நிறுத்து, உன் காலில் விழுகிறேன் என்று என்னென்னவோ சொன்னாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பெரிய மீனு ஒன்னு சுத்திக்கிட்டே இருக்குக்கா. அதுக்கு இதான் வேணுமாம். அது எடுத்துட்டுப் போயிட்டா எனக்கு ஒன்னும் ஆகாது."

தண்ணீர் கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். தன் கூடப் பிறந்தவன்தான் இதைச் சொல்கிறான் என்று நம்ப அவளுக்குச் சற்று நேரம் ஆனது. அதற்குள் அவன் தூண்டிலை வீசிவிட்டான்.

தக்கை ஆடியது.

உள்ளே, பிள்ளை கிடக்கும் இடத்தில், ஏதோ தொட்டது. கை இல்லை. கால் இல்லை. பல்லில்லாத வாய். மெதுவாகக் கவ்வி, சப்பிப் பார்த்து, விட்டது. மறுபடியும் சப்பியது. இந்த முறை விட நேரமானது.

தக்கை முழுகியது. போன் அதிர்ந்தது.

அவள் பாய்ந்து போனைப் பிடுங்கினாள். அவன் தடுக்கவில்லை. மீன் வாயிலிருந்து இழுத்துவிடலாம் என்று திரையில் கட்டைவிரலை வைத்தாள். கொடி விறைத்தது. உள்ளே அதே இழுப்பு, கழுத்தை நெரிக்கிற இழுப்பு, பிள்ளை துடிதுடித்தது. விரலை எடுத்தாள். கொடி தளர்ந்தது. உடனே அந்த வாய். முன்னைவிட அகலமாக. தலையையே கவ்வியது.

இழுத்தாள். நெரித்தது.

விட்டாள். விழுங்கியது.

இழுத்தாள். விட்டாள். இழுத்தாள். எச்சில் கசந்தது. விரல் வழுக்கியது. திரை நனைந்திருந்தது, பச்சையாக, கொழகொழவென்று. போனின் மூலையில் சார்ஜ் சிவப்பாகியிருந்தது. கரண்ட் இல்லை. அடியாழத்திலிருந்து கறுப்பாக ஒன்று ஏறி வந்தது. திரையை விடப் பெரியது.

தூரத்தில் ஜீப் சத்தம். கீழ் வளைவில். அவர்தான். சாமி, வந்துருங்க. வந்துருங்க.

இழுத்தாள். விட்டாள்.

போன் அணைந்தது.

இருட்டு. மழைச் சொட்டு. வயிறு அசையாமல் கிடந்தது. அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓர் உதை. வெளியே முட்டிய, நல்ல உதை. இன்னொன்று. அவளுக்கு அழுகை பொங்கி வந்தது. என் தங்கமே, என் தங்கமே என்று வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். ஜீப் மேட்டில் ஏறும் உறுமல் இப்போது நன்றாகவே கேட்டது. அதன் விளக்கு ஜன்னல் வழியாக வந்து பனியில் கரைந்து அறைக்குள் மங்கலாகப் பரவியது.

அந்த வெளிச்சத்தில் பிரதீப்பைப் பார்த்தாள்.

அவன் கைகளில் எதுவும் இல்லை. காலியான கைகளை நெஞ்சுக்கு நேரே நீட்டி, விரல்களை இறுக மடக்கி, ஒரு கைக்கு அடுத்து மறு கையாக, தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வோர் இழுப்புக்கும் அவன் விரலிடுக்கிலிருந்து தண்ணீர் பிழிந்து முழங்கை வழியே ஒழுகியது. நைட்டிக்கு அடியில் அவள் வயிறு கூம்பி, தொப்புள் முனையாகி, அவனை நோக்கி எழுந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் எழுந்தது.

"அசையாதக்கா," என்றான். "கரைக்கு வந்துருச்சு."