ஒருவரும் திரும்பாத மலை

"திரும்பிப் பாக்காதை பிள்ளை!"

"ஏன் அன்ரி?"

"பாத்தால் நேர்த்தி பலிக்காது."

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லோணுமே? முன்னுக்குப் போற ஒருத்தரும் திரும்பேல்லை, கண்டனிதானே?"

கேசிகா பார்த்தாள். உண்மைதான். மொந்தே பெல்லெக்ரீனோ மலைப் பாதையில், சாந்தா ரொசாலியா கோவிலுக்கு வரிசையாக ஏறிக்கொண்டிருந்த ஒருவருமே திரும்பவில்லை. இத்தாலியின் பலேர்மோ நகரம் முழுவதும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் கிடந்தது.

அவளையும் தம்பியையும் கூட்டிவந்த அன்ரிக்கும் இதுதான் முதல் ஏற்றம். ஆனாலும் அத்தனை உறுதியாகச் சொன்னார்.

கேசிகாவின் கையில் ஒரு மெழுகுதிரி. அம்மாவின் பெர்மெசோ, அதுதான் இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, விரைவில் கிடைக்கவேண்டும் என்று நேர்ந்து கொண்டுவந்தது. அம்மாவுக்கு இன்றைக்கும் முதலாளியம்மா சிஞோராவின் வீட்டில் வேலை.

திடீரென்று அவளுக்கு ஏதோ குறைந்தது போலிருந்தது. டப், டப் என்று பின்னால் வந்த தம்பியின் செருப்புச் சத்தம் கேட்கவில்லை.

"கஜானன்!"



"தம்பி கஜானன்!" என்று அன்ரியும் பதறிக் கூப்பிட்டார், முன்னால் தெரிந்த வானத்தைப் பார்த்து. "பின்னுக்கு வாற ஆக்களோடை நிப்பான்."

"நாங்கள்தானே அன்ரி கடைசி ஆக்கள்!"

கேசிகா அந்த இடத்திலேயே நின்றாள். திரும்பினால் அம்மாவின் அட்டை போய்விடுமோ? திரும்பாவிட்டால் தம்பி? இத்தனை பெரியவர்களும் பிழை விடுவார்களா?

திரும்பாமலே பின்பக்கமாக நடந்து பார்த்தாள். நாலு எட்டில் கல் தடுக்கித் தொப்பென்று விழுந்தாள்.

தம்பி இல்லாமல் வீட்டுக்குப் போனால், அம்மா அட்டையைப் பற்றியா கேட்பார்?

அவள் திரும்பினாள். இறங்கி ஓடினாள்.

வளைவில் கஜானன் அறுந்த செருப்போடு உட்கார்ந்திருந்தான். "அக்கா, அங்கை பார், கப்பல் வெளிக்கிடுது!"

கீழே துறைமுகம் பளபளத்தது. வானம் இடியவில்லை. மெழுகுதிரிகூட உடையவில்லை. தன் றிப்பனால் செருப்பைக் கட்டி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

மேலே எல்லாரும் நிழலில் நின்றார்கள். முதல் ஆளாக ஏறியவர் லூர்து மாமா. கேசிகா நேரே அவரிடம் போனாள்.

"மாமா, நீங்கள் ஏன் திரும்பிப் பாக்கேல்லை?"

லூர்து மாமா அலுமாரியைப் போல முழு உடம்போடும் திரும்பினார்.

"சோபாவிலை படுத்துக் கழுத்துப் பிடிச்சுக்கொண்டுது, பிள்ளை."

"அப்ப மற்ற ஆக்கள் ஏன் திரும்பேல்லை?"

"எனக்கென்ன தெரியும்? என்னாலைதான் திரும்பிப் பாக்க ஏலாதே!"

கேசிகா ஓடிவந்து அன்ரியிடம் சொன்னாள்.

"கழுத்துப் பிடிப்போ?" அன்ரி வாயைப் பிளந்தார். "ஆனால் இவ்வளவு பேரும் நம்பிச்சினமே..."

கீழே கப்பல் நீளமாக ஊதியது. அன்ரியின் கண்கள் ஓரத்துக்கு ஓடின. கழுத்து மட்டும் அசையவில்லை.

"கேசிகா," என்றார் மெதுவாக, "நானாத் திரும்பினதா இருக்கக்கூடாது. நீ என்ரை தோளைப் பிடிச்சு ஒருக்காத் திருப்பிவிடு, பிள்ளை."