சைரன் ஊதட்டும்

எல்லாத் தெருக்காரர்களும் கூப்பிட்டு முடித்த பிறகும் மேஜை மேலிருந்த போன் மறுபடி அடித்தது.

வெள்ளிக்கிழமை மதியம் வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் இது வாடிக்கை. ஆபரேட்டரான அவன் சைரனை ஒருமுறை ஊதிச் சோதித்துப் பார்ப்பான். தெருவுக்கு ஒருவர் போன் செய்து, கேட்டது என்று சொல்ல வேண்டும். சிலர் குழந்தையின் தூக்கம் கெட்டுப்போனதற்கும் சேர்த்துத் திட்டிவிட்டு வைப்பார்கள். ஆற்றங்கரைத் தெருவுக்காகப் பேசியவள் அவனுடைய அக்கா. "கேக்காம என்னடா, இந்தச் சத்தத்துக்குச் செத்தவனே எந்திரிச்சு உக்காருவான்" என்று சிரிப்பாள்.

போன மழைக்காலத்தில் அந்தத் தெருவை ஆறு கொண்டுபோய்விட்டது. அக்காவையும்தான். இப்போது அங்கே வீடும் இல்லை, சைரன் கம்பமும் இல்லை.

வெளியே வானம் கறுத்து, நடுப்பகல் அந்திபோல் மங்கிக் கிடக்க, ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. கூரையில் எங்கோ ஒரு சொட்டு ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் பழைய காகித வாடை மட்டுமே அடித்த அறையில் சேறும் பாசியும் ஊறிப்போன மெத்தையும் கலந்த ஒரு நாற்றம் மெல்லப் பரவியது. அவன் போனை எடுத்தான். கைப்பிடி ஈரமாக இருந்தது.

"தம்பி, இன்னும் சைரன் ஊதலையேப்பா."

அக்காவின் குரல். வெள்ளம் வந்த அன்றும் அவள் இதையேதான் சொன்னாள். அணையைத் திறந்துவிட்டார்கள் என்ற தகவல் வந்துவிட்டது, ஆறு அபாயக் கோட்டைத் தாண்டியதும் அவனுக்குத் தெரியும், சைரனின் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் மேலிடத்து உத்தரவு இல்லாமல் அதைத் தொடக் கூடாது. பெரிய அதிகாரியின் அறைக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டான். "ஐயா மீட்டிங்ல இருக்கார். நீங்க பாட்டுக்கு ஊதி ஊரைக் கலவரப்படுத்திடாதீங்க" என்றார் உதவியாளர். அந்த நேரத்தில்தான் அக்கா கூப்பிட்டாள். தண்ணீர் வாசற்படிக்கு வந்துவிட்டது, கிளம்பிவிடலாமா என்று கேட்டாள்.

"அவசரப்படாதக்கா. ஆபத்துன்னா கவர்மென்ட் சொல்லாம இருக்குமா? சைரன் ஊதட்டும், அப்புறம் கிளம்பு."

"நீ சொன்னா சரிதான். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றாள்.

உத்தரவு வந்து அவன் ஊதியபோது கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. கட்டிய மூட்டை மடியில் இருந்தபடியே தெருக்காரர்களின் உடல்களைக் கண்டெடுத்தார்கள். எச்சரிக்கை முறைப்படி தரப்பட்டது என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். ஒருவரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. யாராவது சட்டையைப் பிடித்து உலுக்கமாட்டார்களா என்று அவன் ஏங்கிக் கிடந்தான்.

"அக்கா..." என்றான்.

"எல்லாரும் மூட்டையக் கட்டிட்டு உக்காந்திருக்கோம்ப்பா. சின்னதுங்க எல்லாம் குளிர்ல நடுங்குது."

அவன் யாரையும் கேட்கவில்லை. பொத்தானை அழுத்தினான். மொட்டை மாடியில் சைரன் அலறியது. கண்ணாடிகள் அதிர்ந்தன.

"கேக்குதாக்கா?"

"இல்லையேப்பா."

கைப்பிடியிலிருந்து தண்ணீர் கசிந்து அவன் மணிக்கட்டில் இறங்கியது. அவள் குரலுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். இருமல் நிற்கவில்லை.

அது போனிலிருந்து வரவில்லை.

கதவுக்கு வெளியே.

அந்த அறை இருந்தது மாடியில். கதவிடுக்கில் தண்ணீர். செம்மண் நிறத்தில். மெதுவாக உள்ளே வந்தது.

திறக்காதே என்றது மனம். திறந்தான்.

படிக்கட்டு முழுக்க மனிதர்கள். படிக்கு இருவர் மூவராக, அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மடியில் மூட்டைகள். தலைமுடியில் சேறு. மேல்படியில் அக்கா. அந்த முகத்தில் துளிக் கோபம் இல்லை. அதுதான் அவன் நெஞ்சைப் பிளந்தது.

கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அடிப்படியில் இருந்தவர்களுக்கு மார்பளவு.

"கிளம்புங்க!" என்று கத்தினான். "அக்கா, எழுந்திரு! எல்லாரும் மேல வாங்க! நான்தான் சொல்றேனே!"

தலைக்கு மேல் சைரன் அலறிக்கொண்டே இருந்தது. அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு, அடம்பிடிக்கும் தம்பியைத் தேற்றுகிறவள்போல் சிரித்தாள்.

"அவசரப்படாதப்பா. சைரன் ஊதட்டும்."

அடிப்படியில் இருந்தவர்களின் வாயைத் தண்ணீர் தொட்டது. பிறகு கண்ணை. மூட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவனையே பார்த்தபடி, ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.