பூட்டிய அறையில் செம்புக்கட்டி

செம்புக்கட்டியைக் காணவில்லை. கதவோ பூட்டியபடி இருக்கிறது.

1986, ஆயுத பூஜை நாள். காலை 11.20. போலீஸ் சார்ஜன் சாகுல் ஹமீது மலை எஸ்டேட்டின் பழைய தேயிலை ஃபேக்டரிக்கு வந்து இறங்கினார். வாசலில் சுத்தியல், ஸ்பேனர், கவாத்துக் கத்தி எல்லாம் பொட்டு வைத்துப் படையலில் இருந்தன. பக்கத்தில் காவல்காரர் தங்கையா கைகட்டி நின்றார். அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டர் செல்லையா தாம்தூமென்று குதித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வருஷ உழைப்பு, சார்ஜன்! ஒரு சாவி என்கிட்ட, இன்னொண்ணு இவன்கிட்ட. வேற யாரு எடுப்பா? மேனேஜர்கிட்டச் சொல்லி இன்னிக்கே இவனோட எஸ்டேட் லைன் வீட்டைக் காலி பண்ண வைக்கிறேன்!”

“நீங்க பூட்டுன பொறவு நான் உள்ள போகவே இல்ல லா! நாலு புள்ளைங்களோட எங்கய்யா போவேன்?”

சாகுலுக்கு மனசு கேட்கவில்லை. “கட்டிய எப்படிச் செஞ்சீங்க, டாக்டர்?”

செம்புப் பொடியையும் டங்ஸ்டன் பொடியையும் அச்சில் இறுக்கி, மின்தேக்கிகளில் சேர்த்து வைத்த கரண்டை ஒரே அடியாகப் பாய்ச்சினால், கண் இமைக்குமுன் கட்டியாகிவிடுமாம். அடேயப்பா, மின்னலைப் பிடித்து இட்லி அவிக்கிற வேலையல்லவா இது!

“அப்புறம்?”

“இன்னிக்குக் காலைல கட்டிய ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல வச்சு, பக்கத்து ரூம்ல இருந்து கரண்டு விட்டேன். அது முன்னால ஓடும், கோடியில இரும்புத் தடுப்பு பிடிச்சுக்கும். ஒரே புகை. பூட்டிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பாத்தா இல்ல.”

சாகுல் உள்ளே போய்ப் பார்த்தார். தண்டவாளங்களின் கோடியில் வெறும் ஆணித் துளைகள்தான் இருந்தன. அதற்கு நேரே சுவரில் ஒரு கை நுழையுமளவு காற்றுச் சந்து.

“தடுப்பு எங்க, டாக்டர்?”

சாகுல் விறுவிறுவென்று வாசலுக்கு வந்து படையலைக் காட்டினார். ஸ்பேனர்களுக்கு நடுவே சந்தனமும் குங்குமமுமாக ஒரு இரும்புக் கட்டை இருந்தது.

“இத யாரு வச்சது?”

“நாந்தான். விடியக்காலை மெஷினத் தொடைக்கறப்போ கழட்டுனேன். பூஜையில வச்சத நாளைக்குத்தானே எடுக்கணும்?”

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்று டாக்டர் கத்தினார்.

“ஆயுத பூஜையன்னிக்கு யாராச்சும் மெஷின ஓட்டுவாங்களாய்யா?”

“திருடன் கரண்டுதான், டாக்டர்,” என்றார் சாகுல். “தடுப்பு இருக்கான்னு பாக்காம விட்டது நீங்க. சந்து வழியா எறிஞ்சிடுச்சு.”

ஃபேக்டரிக்குப் பின்னால் ஓடினார்கள். சந்துக்கு நேரே தேயிலைச் செடிகளின் தலை வகிடு எடுத்தாற்போல் அறுந்து கிடந்தது. வகிடு முடிந்த மண்மேட்டில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. தோண்டி எடுத்தபோது கட்டி இன்னும் சுட்டது. ஒரு விரிசல்கூட இல்லை.

“உடையவே இல்ல!” டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

தங்கையா செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஐயா, இது என் பொஞ்சாதி வேலாயியோட நெரை. பூஜை லீவு இல்லன்னா, இந்நேரம் இங்கதான் கொழுந்து எடுத்துக்கிட்டு இருப்பா.”

டாக்டர் கட்டியைக் கீழே போட்டார்.

“அப்ப வீடு, ஐயா?”

“உன் வீடு உனக்குத்தான், தங்கையா. வேலாயி எங்க? என் கண்ணால ஒருதரம் பாக்கணும், கூட்டிட்டுப் போ.”