விலைச் சீட்டு ஒட்டியிருந்த இடம்

அந்த ஆள் கடைக் கதவு வரை வந்து இரண்டு முறை திரும்பிப் போனான். மூன்றாம் முறை வந்தபோது சைலா எழுந்து போய்க் கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வந்து யோசிங்களேன். வெளிய அக்டோபர் குளிரு, உள்ள காப்பி இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. டிராம் ஓட்டுநர் சட்டை. மார்போடு அணைத்த ஒரு துணிப்பை. உள்ளே வைத்த முதல் அடியிலேயே கதவருகே நின்ற தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டான். ஆகஸ்டில் பழைய சாமான்களை ஏற்றிப்போக சைலா கடையிலிருந்து இரவல் எடுத்த வண்டி. திருப்பிக் கொண்டுவந்தவள் அதை அங்கேயே விட்டிருந்தாள்.

"தடை போட்ட மெஷினையெல்லாம் பாப்பீங்கன்னு சொன்னாங்க," என்றான், தரையைப் பார்த்து.

ரவுனோ ஹெய்ஸ்கரி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அறுபத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வீடுகளில் கரியைக் கிளறி, தீ எந்த மூலையில் பிடித்தது என்று சொன்னவர். இப்போது பின்லாந்தின் தம்பெரே நகரில் கேம் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நகல் கேம் ஓடும்படி மெஷினில் சிப் வைத்துத் தரச் சொன்னால் வாசலைக் காட்டுவார். ஆனால், 'என் மெஷினை ஏன் ஆன்லைனிலிருந்து விரட்டினார்கள்?' என்று கேட்டு வந்தால், உட்காரச் சொல்லி காரணத்தைக் கண்டுபிடித்துத் தருவார்.

அவரிடம் வேலை பார்க்கும் சைலாவுக்கு அந்த வேலைதான் உயிர். முப்பத்தாறு வயதிலும், 'தடை' என்ற சொல் காதில் விழுந்தால் நோட்டும் பேனாவுமாக வந்து நிற்பாள். மூன்று வாரமாக மட்டும் அந்தச் சொல் கேட்டால் அவள் நோட்டை மெதுவாகத்தான் எடுத்தாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

"பேரு?"

"இல்போ. இல்போ கங்காஸ்மா."

"சொல்லுங்க இல்போ."

அவன் சொன்னது இதுதான். மனைவி ஹென்னாவும் அவனும் பிரிந்து மூன்று வருஷம். பத்து வயது மகள் வில்யா, அம்மாவோடு வாசா நகரில். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஐந்து மணிக்கு அப்பாவும் மகளும் அவரவர் வீட்டிலிருந்து ஆன்லைனில் கார்ப் பந்தயம் விளையாடுவார்கள். விளையாட்டு ஒரு சாக்கு. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவள் பள்ளிக்கூடக் கதை சொல்வாள், பல் விழுந்ததைச் சொல்வாள். செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி, அப்படி விளையாடிய ஒரு சனிக்கிழமை இரவு, மெஷினில் ஒரு அறிவிப்பு வந்தது. 'முறைகேடான பயன்பாடு. இந்தச் சாதனம் நிரந்தரமாகத் தடை செய்யப்படுகிறது.' விளக்கமில்லை. எழுதிக் கேட்டால் அதே இரண்டு வரி திரும்பி வந்தது.

"புது மெஷின் வாங்கிடலாமே?" என்றாள் சைலா.

"மெஷின் பிரச்சினையில்லைங்க." அவன் பையைப் பிரித்து மெஷினை எடுத்து மேஜையில் வைத்தான். "கடை வாசல்ல வெச்சிருப்பாங்களே, காசு போடுற சூதாட்ட மெஷின்... அதுல நான் ஆறு வருஷம் கிடந்தேன். தினமும் வீட்ல பொய். அதான் பிரிஞ்சோம். இனிமே ஒரு பொய்கூட இல்லைன்னு எழுதிக் குடுத்து, அதுக்கப்புறம்தான் இந்த சனிக்கிழமையே கெடைச்சுது. இப்ப ஹென்னா சொல்றா, அவ்ளோ பெரிய கம்பெனி சும்மா ஒருத்தன முறைகேடுன்னு சொல்லுமா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியான்னு. வில்யாகிட்டயும் சொல்லிட்டா."

"நீங்க எதுவும் செய்யலையே?"

"செய்யலைன்னுதான் நினைக்கிறேன்," என்றான். "ஆனா நான் அப்படி நினைச்சு எத்தனையோ தடவை ஏமாந்திருக்கேன்."

ரவுனோ மெஷினைத் திருப்பி, விளக்கின் கீழே வைத்தார். உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்தார். ஐந்து நிமிஷம்.

"சைலா, எழுதிக்கோ. திருகாணிப் பள்ளம் ஒண்ணுலகூட கீறல் இல்லை. ஃபேக்டரியில முறுக்கினதுதான், அப்புறம் எவன் கையும் படலை." பிறகு இல்போவின் கணக்கைக் கடை மெஷினில் திறந்து பார்த்தார். தடையில்லாமல் திறந்தது. "தடை மெஷினுக்குத்தான், மனுஷனுக்கு இல்லை. பெட்டியோ திறக்கப்படவே இல்லை. அப்ப தப்பு வெளியிலேர்ந்து உள்ள போயிருக்கு. வெளியிலேர்ந்து உள்ள போறது என்ன?"

"கேம் கார்டு!" என்றாள் சைலா. பழைய உற்சாகம் ஒரு நொடி திரும்பியிருந்தது.

பையில் மூன்று கார்டு டப்பாக்கள் இருந்தன. ரவுனோ காப்பி ஊற்றிவர உள்ளறைக்குப் போனார். இல்போ வாடிக்கையாளர் படிவத்தில் குனிந்திருந்தான். சைலா டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து நோட்டில் பெயர் எழுதினாள். மூன்றாவதைத் திருப்பினாள்.

பின்பக்க மூலையில் ஒரு பச்சைச் சீட்டு. 'மேஜை 47. கார்ப் பந்தயம், ஒரிஜினல்! 15 யூரோ.'

கடையில் ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு மெஷினிலும் தொங்கும் சீட்டுகளில் இருப்பது அதே கையெழுத்து. அவளுடைய கையெழுத்து.

போன வசந்தத்தில் சைலா தன் சொந்த மெஷினில் ஒரு சிப்பைப் பற்றவைத்தாள். கடையில் அல்ல, வீட்டில், சமையலறை மேஜையில். முடிகிறதா என்று பார்க்கும் ஆசைதான். தன்னிடமிருந்த கார்டுகளையெல்லாம் நகல் எடுத்து உள்ளே போட்டுக்கொண்டாள். நகல்தான் இருக்கிறதே, அசல் எதற்கு அலமாரியை அடைக்க வேண்டும்? ஆகஸ்டில் பழைய பொருள் சந்தையில் ஒரு வாரத்துக்கு மேஜை வாடகைக்கு எடுத்து, சீட்டு ஒட்டி வைத்துவிட்டு வந்தாள். விற்பவர் அங்கே நிற்க வேண்டாம். வாங்குபவர் வாசலில் பணம் கட்டிவிட்டுப் போவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே வேண்டாம்.

செப்டம்பர் பத்தொன்பது மாலை அவள் அந்த நகலோடு ஆன்லைனில் பந்தயம் ஓட்டினாள். அன்று இரவே அவள் மெஷினுக்கும் தடை விழுந்தது. சிப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அவளுடைய கட்டைவிரல் நகம் சீட்டின் ஓரத்தில் நுழைந்தது. ஒரே இழுப்பு. சீட்டு கம்பளிச் சட்டைப் பைக்குள் போனது. அதைச் செய்தது தன் கைதான் என்பதே, செய்து முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ரவுனோ தட்டோடு வந்தார். டப்பாக்களை எடுத்துப் பார்த்தார். மூன்றாவதன் பின்பக்கத்தைத் தடவினார். அவர் கட்டைவிரல் மூலையில் ஒரு கணம் நின்றது.

"இதெல்லாம் எங்க வாங்கினீங்க?"

"ரெண்டு புதுசு, ரசீது இருக்கு. அது மட்டும் ஆகஸ்ட்ல, பழைய பொருள் சந்தையில."

"எந்த மேஜைன்னு ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் யார் பாத்தா?"

"சரி. பள்ளிக்கூட லீவுக்கு உங்க பொண்ணு இங்க வருதா?"

"ஹென்னாவோட அம்மா வீட்டுக்கு வர்றாங்க. வெள்ளிக்கிழமை."

"மூணு மணிக்கு மூணு பேரும் வாங்க. காப்பிக்கு."

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இன்னைக்கு புதன்தானே?" என்றார் ரவுனோ, சர்க்கரையைக் கலக்கியபடி. "வெள்ளிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் சைலா காலுறை பின்னினாள். இதே நேரத்தில் முன்பெல்லாம் பக்கத்து செல்போன் கடைப் பையன்களோடு ஆன்லைனில் பந்தயம் ஓட்டி, சுவர் தாண்டிக் கேட்கும்படி அவர்களைக் கிண்டல் செய்வாள். மெஷினின் பாட்டரி போய்விட்டது என்று சொல்லி வைத்திருந்தாள். மெஷின் ரிப்பேர் செய்பவள், பாட்டரி போய்விட்டது என்கிறாள்!

"இது எத்தனாவது ஜோடி?" என்று கேட்டார் ரவுனோ.

"நாலாவது."

"எனக்கு இருக்கறது ரெண்டே காலுதான்."

அவர் காத்திருந்தார். அவள் கண்ணிகளை எண்ணினாள். உண்மை வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டு அடுத்த வரிசையைப் பின்னினாள். வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தின் மேல் நின்று சீட்டை ஆற்றில் போட வெளியே எடுத்தாள். 'ஒரிஜினல்!' என்று எழுதி, ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருந்தாளே, அதைப் பார்த்ததும் முகம் கொதித்தது. மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஹென்னா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். "நான் ரொம்ப நேரம் இருக்க மாட்டேன்," என்றாள். "இவருக்காக யார் யாரோ பேசினதை ஆறு வருஷம் கேட்டாச்சு." வில்யா ஓரத்து நாற்காலியில் இலவங்கப்பட்டை ரொட்டியின் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இல்போ நின்றுகொண்டே இருந்தான்.

"பேச மாட்டேன், காட்டுறேன்," என்றார் ரவுனோ. "இந்தாங்க உருப்பெருக்கி. இது இவரோட மெஷின். திருகாணியைப் பாருங்க. பக்கத்துல இருக்கறது நான் ஒரே ஒரு தடவை திறந்து மூடினது."

ஹென்னா பார்த்தாள். அவள் புருவம் லேசாக உயர்ந்தது.

"வித்தியாசம் தெரியுதில்ல? உங்க ஆளு மெஷினைத் தொடலை. அப்ப எப்படித் தடை? ஒவ்வொரு கேம் கார்டுக்கும் பாஸ்போர்ட் மாதிரி ஒரு தனி நம்பர் உண்டு. ஒரே பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரே நிமிஷத்துல ரெண்டு ஊர்ல ரெண்டு பேர் நின்னா என்ன ஆகும்? எது அசல்னு அங்க யாரும் விசாரிக்கறதில்ல. ரெண்டு பேரையும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்திடுவாங்க. கார்டை நகல் எடுத்து வெச்சுக்கிட்டு, அசலை யாரோ வித்திருக்காங்க. இவர் காசு குடுத்து அசலை வாங்கினார். நகலும் அசலும் ஒரே சமயத்துல ஆன்லைன்ல போயிருக்கு."

"யாரோன்னா? யாரு?" ஹென்னாவின் குரல் கூர்மையாக இருந்தது. "யாரோன்னு யார் வேணா சொல்லலாம். இவரும் அப்படித்தான் சொல்வாரு."

"நியாயம்." ரவுனோ மூன்றாவது டப்பாவை எடுத்து மேஜை நடுவில், பின்பக்கம் மேலே தெரிய வைத்தார். "இந்த மூலையைத் தொட்டுப் பாருங்க."

"பிசுபிசுன்னு இருக்கு."

"சந்தையில வாங்கினது. மேஜை நம்பர் எழுதின சீட்டு அங்க ஒட்டியிருந்திருக்கு. அதை ஆகஸ்ட்லயே உரிச்சிருந்தா அந்தப் பசையில ரெண்டு மாசத் தூசி பிடிச்சுக் கறுத்திருக்கும். புதன்கிழமை நான் தொட்டப்போ ஒரு தூசிகூட இல்லை. உரிச்சு அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது."

ஹென்னாவின் பார்வை இல்போ பக்கம் திரும்பியது.

"உரிக்கறதால இல்போவுக்கு லாபம் இல்லை," என்றார் ரவுனோ. "அந்தச் சீட்டுதான் அவரோட சாட்சி. நான் உள்ள காப்பி ஊத்திட்டிருந்தேன்." அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். சைலாவைப் பார்க்கவில்லை. தள்ளுவண்டியைப் பார்த்தார், அவள் மடியிலிருந்த காலுறையைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

சைலா எழுந்தாள். முழங்கால் மேஜையில் இடித்தது.

"மேஜை நாப்பத்தேழு," என்றாள். "என்னோடது. நகல் எடுத்தது நான். வித்தது நான். அன்னைக்கு ஆன்லைன்ல போனதும் நான். என் மெஷினுக்கும் அன்னைக்கேதான் தடை." இல்போவைக் காட்டினாள். "அதுகூடத் தெரியாம செஞ்சதுன்னு வெச்சுக்கலாம். சீட்டை உரிச்சது தெரிஞ்சேதான். இவர் தன்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு எதிர்ல உக்காந்திருந்தாரு. நான் பாத்துக்கிட்டே உரிச்சேன்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இல்போ பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

"அப்ப நான் நெஜமாவே செய்யலை," என்றான், விரல்களுக்குள். அவன் அதை இப்போதுதான் கேள்விப்படுபவன் போல.

ஹென்னா கோட்டின் பொத்தான்களை மெதுவாகக் கழற்றினாள். அவள் முகம் கழுத்து வரை சிவந்திருந்தது. "வில்யா," என்றாள். "அப்பா பொய் சொல்றார்னு அன்னைக்கு சொன்னேன்ல? அது தப்பு. நான் சொன்னதுதான் தப்பு." சைலாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

திரும்பியது வில்யாதான். விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிவிட்டு, "உங்க மெஷினும் போச்சா?" என்று கேட்டாள்.

"போச்சு."

"அப்ப நீங்க யாரோட விளையாடுவீங்க?"

சைலா அவள் பக்கம் இன்னொரு ரொட்டியை நகர்த்தினாள்.

"சரி, வேலையைப் பாப்போம்," என்றார் ரவுனோ. "கம்பெனிக்கு ஒரு கடிதம் போகணும். மெஷினோட படம், டப்பாவோட படம், வித்தவங்களோட ஒப்புதல், அவங்க மெஷின் நம்பர். இதெல்லாம் இருந்தா தடையை எடுக்கலாம். எடுப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அதுவரைக்கும் இல்போ கடை மெஷினை எடுத்துட்டுப் போகட்டும். லீவு முடிஞ்சா அடுத்த சனிக்கிழமை வரும்ல?"

"நான் இனிமே வேலைக்கு வரணுமா, வேண்டாமா?" என்று சைலா கேட்டாள்.

"திங்கக்கிழமை அந்த மெஷினை எடுத்துக்கிட்டு வா. என் கண்ணு முன்னாடி சிப்பைக் கழட்டு. அப்புறம் பேசலாம். இப்ப அந்தச் சீட்டைக் குடு."

அவள் பைக்குள் கைவிட்டாள். சீட்டின் பசை முழுக்கக் கம்பளி இழை அப்பியிருந்தது. டப்பாவின் மூலையில் வைத்து அழுத்தினாள். விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

கடைசியில் சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ரவுனோ கேமராவைச் சாய்த்தார்.

"விரல் படத்துல விழுது, சைலா. கொஞ்சம் தள்ளி எடுத்துக்கோ."

"விழட்டும்," என்றாள் அவள்.