கறுத்துப்போன குக்கர்

கள்ளிக்குப்பம் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் வர்ஷாவின் அம்மா ஹேமாவதி கொதித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் சோறு கொதிக்கவில்லை, சிலிண்டர்தான் தீர்ந்துவிட்டதே!

புது சிலிண்டரோடு வந்து நின்றார், வழக்கமாக கேஸ் கொண்டுவரும் தமிழரசு.

"ஏன் தம்பி, பொங்கலுக்கு முந்தின நாள் போட்டது அதுக்குள்ள காலி! வழியிலயே கேஸ் எடுத்துட்டீங்களா?"

தமிழரசுவின் முகம் சுருங்கிப்போனது. "இன்னாக்கா இப்டி சொல்றீங்கோ? சீலோடதான குட்த்தேன்? கம்ப்ளைன்ட் பண்ணா என் வேலையே பூடும்க்கா!"

அம்மா போனைக் கையில் எடுத்தார். வர்ஷா தமிழரசுவைப் பார்த்தாள். லிஃப்ட் ஓடாத நாளில்கூட சிலிண்டரைத் தோளில் தூக்கிவந்து, "இன்னா வாத்தியாரம்மா, சாப்ட்டியா?" என்று அவளைக் கேலியாகக் கூப்பிட்டுச் சிரிக்கிறவர் திருடுவாரா? இருக்கவே இருக்காது!

அவள் பார்வை, கழுவுதொட்டியில் கிடந்த குக்கரின் மேல் விழுந்தது. அடியெல்லாம் ஒரே கரி.

"அம்மா, இருங்க! குக்கர் ஏன் இப்படிக் கறுத்திருக்கு?"

"நல்லாத் தேய்ச்சாப் போயிடும்."

"தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் போச்சு! பொங்கலுக்கு முன்னாடி இப்படிக் கறுக்கவே இல்லையே. புது சிலிண்டரைப் போட்டுப் பத்த வைங்களேன்."

தமிழரசு அவர்கள் கண் முன்னாலேயே சீலை உடைத்துச் சிலிண்டரை மாட்டினார். அம்மா பற்றவைத்தார். சுடர் மஞ்சளாக, ஒரு பக்கம் மட்டும் ஆடி ஆடி எரிந்தது.

"பாத்தீங்களா? கேஸ் புதுசு. கோளாறு அடுப்புலதான்!" என்றாள் வர்ஷா.

அடுப்பை அணைத்து, சூடு ஆறியதும் பர்னரைக் கழற்றினார்கள். ஓட்டைகளில் பழுப்பாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது.

"ஐயோ, பால்!" என்று கத்தினாள் வர்ஷா. "பொங்கலோ பொங்கல்னு நாமதானே வழிய வழிய விட்டோம்! பர்னரும் குடிச்சிருக்கு. சரியா எரியாத கேஸெல்லாம் குக்கர் அடியில கரியா ஒட்டியிருக்கு, அதான் சிலிண்டரும் சீக்கிரமே தீர்ந்துடுச்சு!"

அம்மா அன்று மேலே மட்டும்தான் துடைத்திருந்தார்.

வர்ஷா ஓட்டை ஓட்டையாக ஊக்கால் குத்தி, பழைய பல் துலக்கியால் தேய்த்தாள். துடைத்துக் காயவைத்துத் திரும்பப் பற்றவைத்ததும் பளிச்சென்று நீல வளையம்!

அம்மா போனைக் கீழே வைத்தார். "தப்பு எங்க மேலதான். மனசுல வச்சுக்காதீங்க, தம்பி."

"உடுங்கக்கா. கீழ் ஊட்லயும் இதே பாட்டுதான் பாடினாங்கோ..." தமிழரசு வர்ஷாவைப் பார்த்தார். "வர்றியா, வாத்தியாரம்மா?"

ஊக்கை உயர்த்திப் பிடித்தபடி வர்ஷா முன்னால் இறங்கினாள். காலி சிலிண்டரோடு தமிழரசு பின்னால் வந்தார். கீழ் வீட்டுக் கதவை அவளே தட்டினாள்.

"ஆன்ட்டி, உங்க குக்கரைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க!"